என் குரலில் நோயைக் கேட்ட டாக்டராச்சி

செய்தி வந்தபோது நான் கடையில் ஒருவருக்கு டிராக்டர் பெல்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் ஊசி போடும் சாந்தா போனில், "அண்ணே, ஆச்சி காலையில எந்திரிக்கலண்ணே" என்றாள். கையில் இருந்த பெல்ட்டை அப்படியே கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அளவு தப்பு என்று மறுநாள் அவர் திரும்ப வந்து மாற்றிக்கொண்டு போனார்.

காரைக்குடியில் மருத்துவர் தெய்வானை ஆச்சியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அவர் முன்னால் நாக்கை நீட்டியிருப்பீர்கள். மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். நான் வாங்கிய திட்டு மற்றவர்களைவிடக் கூடுதல். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் கருப்பையா, ஒக்கூர்க்காரன். உதிரிபாகக் கடை என் சோற்றுக்கு. தையிலும் மாசியிலும் மஞ்சுவிரட்டுப் பொட்டல்களில் மைக் பிடிப்பது என் மகிழ்ச்சிக்கு. எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, யார் பிடித்தார், யார் விட்டுவிட்டுப் புழுதியில் உருண்டார் என்று நாள் முழுக்க மூச்சுவிடாமல் சொல்வேன். மாடு பார்க்க வராதவர்கள்கூட என் பேச்சைக் கேட்க வருவதாகச் சொல்வார்கள். அதைச் சொன்னவர்களுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு வருடம் அந்தக் குரல் கரகரத்தது. மைக் பிடிக்கிறவனுக்குத் தொண்டை கட்டுவது புதிதா என்று பாலில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்தேன். கால் வீங்கியது. பொட்டலில் நாளெல்லாம் நின்றால் வீங்காதா என்றார்கள். உடம்பு பெருத்தது. போகிற ஊரிலெல்லாம் கறிச்சோறு தின்றால் அப்படித்தான் என்று மாட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். எது வந்தாலும் அதற்கு மஞ்சுவிரட்டிலேயே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியபோதுதான் காரணங்கள் தீர்ந்தன.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் பெரிதாகிவிட்டது, ரத்தத்தைத் தள்ளும் பலம் அதற்கு வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு ஏதும் இல்லை. நீர் பிரிய மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைத்து, வீக்கம் வடிந்த பிறகு அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு என்னை மூச்சுவிட வைத்தவர்கள் அவர்கள். ஆனால் கிளம்பும்போது என் மனைவி பாண்டியம்மாளைத் தனியாக அழைத்து, இது திரும்பத் திரும்ப வரும், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. வண்டியில் ஊர் வரும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தத் தையில் மைக் வேறொருவர் கைக்குப் போனது. மரியாதைக்காக என்னை மேடையில் உட்கார வைத்து, வரவேற்பு மட்டும் சொல்லச் சொன்னார்கள். நல்ல வெயில். நான் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கியபடி நாலு வரி சொன்னேன். மாடு குத்தியவர்களுக்குத் தையல் போட வருடம் தவறாமல் வரும் ஆச்சி, அன்றும் முதலுதவிக் கொட்டகையில் இருந்தார். நான் பேசி முடித்ததும் அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை ஏறி வந்தார்.

"யாரு இப்பப் பேசுனது?"

"நான்தான் ஆச்சி."

"கருப்பையாவா? இன்னொருக்கா பேசுங்க, கேப்போம்."

என்ன பேசுவதென்று தெரியாமல், எல்லோரையும் வருக வருக என்று மறுபடி வரவேற்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது தொண்டை கட்டுன குரலு இல்ல. பேட்டரி தீந்த ரேடியோ மாதிரி இழுக்குது" என்றார். என் கையைத் தொட்டுப் பார்த்தார். இந்த வெயிலில் ஏன் ஸ்வெட்டர் என்று கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துக் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் துள்ளியது. திரும்பி வரத்தான் அதற்கு மனமில்லை, மெதுவாக, சோம்பலாக வந்தது. தொழுவில் மாடுகள் காத்துக்கிடக்க, ஊரே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இருதயம் மட்டும் படுத்திருந்துச்சுன்னா நானும் கைய விரிச்சிருப்பேன். கழுத்துல இருக்க தைராய்டு சுரப்பி படுத்திருச்சு. அது குடுக்குற சத்துலதான் இருதயம் ஓடும். அது நின்னு போச்சு, இது தள்ளாடுது." பாண்டியம்மாள் தயங்கித் தயங்கி, "அப்பப் பொழைச்சுக்கிருவாகளா ஆச்சி?" என்று கேட்டாள்.

"பொழைச்சுக்கிருவாக. ஆனா நான் சொல்ற வேகத்துலதான் பொழைக்கணும்."

அந்த வேகம்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது. முதலில் கால் மாத்திரை. அதுவும் காலையில் வெறும் வயிற்றில். கண் விழித்ததும் காபி இல்லாமல் என்னால் எப்படி இருக்க முடியும் என்று கேட்டு ஒரு திட்டு வாங்கினேன். வாரங்கள் ஓடின, அரை மாத்திரைக்குக்கூட அவர் அசைந்து கொடுக்கவில்லை. இதயத்துக்கு மதுரையில் கொடுத்த மாத்திரைகளையும் நிறுத்தவிடவில்லை. விவசாயம் பார்க்கும் என் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. ஆளைக் காப்பாற்றுகிற மருந்து இதுதான் என்றால் முழுசாகக் கொடுத்தால் என்ன என்று நேரே போய்க் கேட்டார். ஆச்சி அவரை உட்காரச் சொன்னார். "வருஷக்கணக்கா வறண்டு வெடிச்சுக் கெடக்க வாய்க்கால்ல ஒரே நாள்ல மதகு முழுசையும் தொறந்து விடுவீகளா? கரை நிக்குமா? இவுக இருதயம் அப்படித்தான் இருக்கு. வேகமா ஓடச் சொன்னா ஓடிப்போயி நின்னுரும்." அதற்குப் பிறகு வாராவாரம் அண்ணனே என்னை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனார்.

மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஸ்வெட்டர் போனது, வீக்கம் போனது, ஒரு தலையணையில் படுத்துத் தூங்கினேன். ஒருநாள் பின்கட்டில் ஆடு வாழைக்குருத்தைக் கடிப்பதைப் பார்த்து ஓர் அதட்டுப் போட்டேன். பாண்டியம்மாள் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆடு குருத்தை முழுவதும் தின்று முடித்தது.

பிறகு மதுரையில் எடுத்த ஸ்கேனில் இதயம் சுருங்கிப் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அங்கிருந்த டாக்டர் ஆச்சியின் எண்ணை வாங்கிப் போனில் வெகுநேரம் பேசினார். அடுத்த தையில் நான் மைக் பிடித்தேன். ஆச்சி கொட்டகையிலிருந்து கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

அதன் பிறகு அவ்வப்போது காலையில் அவரிடமிருந்து போன் வரும். மழை உண்டா, கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, இந்த வருடம் எந்த மாடு பேர் வாங்கும் என்று கேட்பார். மாட்டைப் பற்றி அவருக்கு என்ன அக்கறை என்று எனக்கு ஆச்சரியம். எதுக்கு ஆச்சி சும்மா கூப்பிடுறீக என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "சும்மா இல்ல. நீங்க பேசுனா எனக்கு ரெண்டு வேலை முடியுது. மாத்திரை சரியாப் போகுதான்னு குரல்லயே தெரிஞ்சிருது" என்றார். இரண்டாவது என்ன என்றேன். "வீட்ல ஒரு மனுசக் குரலு கேக்குது" என்றார். அவர் கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். அத்தனை பெரிய வீட்டில் அவர் தனியாக இருந்தார் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அன்றிலிருந்து நானும் கூப்பிடத் தொடங்கினேன். இன்னும் அடிக்கடி கூப்பிட்டிருக்கலாம் என்று இப்போது வருந்துகிறேன். காலையில் போன் ஒலித்தால் இன்றும் கை அவசரமாகப் போகிறது. எடுத்தால், பேரிங் வந்துவிட்டதா என்று யாரோ கேட்கிறார்கள்.

இறுதிச் சடங்கு பற்றி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பது இங்கே வழக்கம். இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று சாந்தா என்னிடம் கேட்டாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். அவர் பெயரைச் சொல்லும்போது நடுவில் உடைந்துபோவேன் என்று பயந்தேன். மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவர் எனக்கு விட்டுப்போனது இந்தக் குரல்தான். வேறு நினைவுப்பொருள் எதுவும் அவரிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அன்று தெருத்தெருவாகப் போய், நம் தெய்வானை ஆச்சி காலமாகிவிட்டார் என்று ஊருக்கு அந்தக் குரலில்தான் சொன்னேன். ஜனங்கள் வீடுகளிலிருந்து வெளியே வந்து நின்று கேட்டார்கள். குரல் எங்கும் இழுக்கவில்லை, கரகரக்கவில்லை, கணீரென்று இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.