ஒரே பிள்ளை, இரண்டு பதிவு

போன செவ்வாய்க்கிழமை காலை சோழவந்தானிலிருந்து அப்பா போன் செய்தார். என் கையெல்லாம் இட்லி மாவு. ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் மாமியார். போட்டிருக்கக் கூடாது.

“ஏத்தா, பிள்ளைக்கு ஒன்பதாம் மாச ஊசி போடலையாமே... மெசேஜ் வந்திருக்கு. அங்க எம்புட்டுப் பேர் இருக்கீக? நாங்க அஞ்சு மாசம் வச்சிருந்தோம், ஒரு ஊசி தப்புச்சா?”

ஊசி போட்டாயிற்று. அதனால் வந்த காய்ச்சலில் பிள்ளையை மடியைவிட்டு இறக்காதவர் என் மாமியார். தேங்காயைக் கொஞ்சம் பலமாக உடைத்தார்... அவ்வளவுதான்.

அந்த மெசேஜை அனுப்பியது யார்? நான்தான்.

என் வேலை அது. பல மருத்துவமனைகளின் ஊசிப் பதிவுகளை ஒரே டேட்டா வேர்ஹவுஸில், அதாவது தகவல் கிடங்கில், சேர்க்கிறோம். பதிவுகள் எக்ஸ்எம்எல் ஆவணங்களாக வரும். டப்பாவுக்குள் டப்பா மாதிரி — தாய்க்குள் பிள்ளை, பிள்ளைக்குள் ஊசிகள். அதைப் பிரித்து, பிள்ளைக்கு ஒரு வரி என்று அடுக்க வேண்டும். ஊசி தவறியிருந்தால் வீட்டுக்கு மெசேஜ் போகும்.

அன்று சோதனை ஓட்டம். ஊராரைப் பயமுறுத்த வேண்டாமென்று என் மகளின் பதிவுகளையே கொடுத்திருந்தேன். எல்லா ஊசியும் போட்ட பிள்ளை, மெசேஜ் போகாது என்று அவ்வளவு நம்பிக்கை! மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓட்டுவதாக ஏற்பாடு.

எங்கே தப்பு? ஒவ்வொரு மருத்துவமனையும் தந்த எண்ணை வைத்துத்தான் பிள்ளையை அடையாளம் கண்டேன். ஆனால் நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? முதல் ஊசிகள் ஓர் ஊரில், மிச்சம் இன்னோர் ஊரில். என் மகள் இரண்டு பிள்ளைகளாகிவிட்டாள். சோழவந்தான் பிள்ளைக்கு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஊசியே இல்லை. அங்கே கொடுத்த போன் நம்பரோ தாத்தாவுடையது. நானே போய்ப் பெற்று வந்தவள்... எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

கையைக் கழுவிவிட்டு டீம் லீட் பாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன். மறுநாள் ஓட்டத்தை நிறுத்தினார்.

“விட்ருந்தா நாளைக்கு ஜில்லா முழுக்க சம்பந்திச் சண்டைதான், தங்கச்சி.”

தாயின் கர்ப்பப் பதிவு எண் ஒவ்வோர் ஆவணத்திலும் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அது மாறாது. தேவையில்லை என்று நான்தான் கழித்திருந்தேன். தாயைக் கழித்துவிட்டுப் பிள்ளையைத் தேடினால் கிடைக்குமா? அதைச் சேர்த்ததும் இருவரும் ஒருத்தியானார்கள்.

சாயந்திரம் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு எதுக்கு, உங்க அப்பாவிடம் சொல் என்றார். அப்பாவைக் கூப்பிட்டு, அந்த மெசேஜ் நான் எழுதிய புரோகிராமிலிருந்து வந்தது, தப்பு என்னுடையது என்றேன்.

“நீ எழுதுனதா? அப்பச் சரியாத்தான் இருக்கும்த்தா. எதுக்கும் ஊசி அட்டைய இன்னொருக்கா பாரு.”

பார்த்தேன். இரண்டு முறை.