நாய்களை விரட்டச் சொன்னேன், தாய் கேட்கவில்லை

போன மாசி மாதத்தில் ஒரு வாரம் முழுக்க நான் ஓடப் போகவில்லை. ஓடாவிட்டால் என்றைக்காவது ஒருநாள் என் கால் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஓடினால் மானம் போகுமோ, உயிர் போகுமோ என்று பயம். பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்னால் அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுவேன். அந்த நிலைமையில் இருந்து காளியம்மன் என்னை எப்படித் தூக்கிவிட்டாள் என்பதைத்தான், விளக்குப் பூசைக்கு வரும் அக்கா தங்கச்சிமாரே, உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் முத்துச்செல்வி. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே சின்ன ஊர். அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றிப் போனால் அவர் முகத்தைப் பார்க்க ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். இரண்டும் பெண் பிள்ளைகள். பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள்.

எங்கள் அம்மா சுகர் வந்து செத்துப்போனார்கள். செத்தது சுகரால் என்று சொன்னாலும் ஆரம்பித்தது ஒரு கருவேல முள்ளால். உள்ளங்காலில் ஏறிய முள். அந்தப் புண் ஆறவே இல்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள். கட்டிலில் கிடந்தே போய்ச் சேர்ந்தார்கள். அதே சுகர் எனக்கு முப்பத்து நாலு வயதில் வந்தது. ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் என் காலைத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார்கள். தினமும் வேகமாக நடக்கச் சொன்னார்கள். முடிந்தால் ஓடு என்றார்கள். எட்டு மணிக்கு நான் பஸ் ஏற வேண்டும், திரும்பி வரும்போது இருட்டிவிடும். எனக்கென்று இருப்பது விடியற்காலம் மட்டும்தான். முதலில் நடந்தேன். நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை, எதிலும் எனக்கு அவசரம். ஓட ஆரம்பித்தேன். சுடிதாருக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை. ஊரில் இருந்து கண்மாய்க்கரை மேலே ஏறி, காளியம்மன் கோவிலைத் தாண்டி, வண்டிப்பாதை தார் ரோட்டில் சேரும் இடம் வரைக்கும் போய்த் திரும்புவேன்.

ஊரில் கேலிக்குப் பஞ்சமா. பால் ஊற்ற வரும் மாமா ஒருவர், "ஏத்தா செல்வி, பஸ்ஸு இன்னும் வரலையே, எங்கிட்டு இம்புட்டு வேகமா ஓடுற?" என்பார்.

"சுகரு வெரட்டுது மாமா. ஒங்களையும் ஒருநா வெரட்டும், அப்பப் பாப்போம்" என்பேன்.

ஆனால் சுகர் இறங்கியது. இரண்டாவது தடவை ரத்தம் பார்த்தபோதே இறங்கியிருந்தது. டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் குறைத்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியே போயிருப்பேன், சேலை கட்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வண்டி வந்தது.

ஹெல்மெட் போட்ட ஒருவன். போலீஸ் நிற்கிறது என்று தெரிந்தால் தவிர எங்கள் பக்கம் யாரும் ஹெல்மெட் போட மாட்டார்கள். வண்டிப்பாதையில், விடிந்தும் விடியாத நேரத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவன் போனால் எனக்கு எப்படி இருக்கும்? முதலில் என்னைத் தாண்டிப் போனான். அடுத்த நாள் என் பின்னாலேயே மெதுவாக வந்தான். அப்புறம் ஒருநாள், "ஏறுறியா, எறக்கி விடுறேன்" என்றான். நான் கையில் கல்லை எடுத்தேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அதன் பிறகு கோவிலைத் தாண்டிய வளைவில், கருவேலஞ்செடி ஓரமாக வண்டியை நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்திருப்பான். நான் கோவிலோடு திரும்பிவிடுவேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஓடாதே என்பார். அவர் மேல் தப்பில்லை, எங்கேயோ தூரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கும் மனிதர் வேறு என்ன சொல்ல முடியும்?

இது போதாது என்று கிடை ஒன்று வந்து சேர்ந்தது. அறுவடை முடிந்த நிலத்தில் உரத்துக்காக ராத்திரி ஆட்டை அடைத்துப் போடுவார்களே, அதுதான். கோவிலுக்கு அடுத்து பெருமாள்சாமி மாமாவின் மக்காச்சோளக் காடு. அறுத்தபின் மிஞ்சிய தட்டைக் கட்டை குத்திக் குத்தி நிற்கும் அந்தக் காட்டில் கிடை போட்டிருந்தார்கள். கிடைக்குக் காவல் நாய்கள். நான் ஓடி வரும் சத்தம் கேட்டதும் எல்லாம் சேர்ந்து பாய்ந்து வந்தன. நான் போட்ட கூச்சலில் கீதாரியின் சம்சாரம் ஓடி வந்தாள். கீதாரி என்றால் கிடைக்குத் தலைவர். அவள் பெயர் லட்சுமி, என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள்.

"ஓடாதக்கா. ஓடுனா அதுக்குக் களவாணி. உக்காந்துட்டா ஆடுன்னு விட்டுட்டுப் போயிரும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஓடத்தான வாரேன். உக்கார வாரதா இருந்தா எங்க வீட்டுலயே உக்காந்துக்கிற மாட்டேனா?" என்றேன்.

"அப்பக் கடிபடு" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பயம் பயம்தானே.

அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் விளக்குப் போட்டுவிட்டுக் காளியம்மனிடம் சண்டை பிடித்தேன். நான் பதவிசாகச் சாமி கும்பிடுகிறவள் இல்லை. அவளிடம் பேசுவேன், ஏசவும் செய்வேன்.

"தாயி, ஒன் வாசலத் தாண்டித்தான் தினமும் போறேன். நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க? அந்த வண்டிக்காரன் எங் கண்ணுல படாமச் செய்யி. அதுக்கு நாளாகும்னா இந்த நாய்களையாவது இங்கருந்து வெரட்டி விடு. ரெண்டுல ஒண்ணு செய்யி, ஒனக்குப் பொங்க வைக்கிறேன். எங்கம்மாவுக்குத்தான் ஒண்ணும் செய்யல. எனக்காவது செய்யேன்" என்றேன்.

கடைசி வார்த்தை என்னை அறியாமல் வந்துவிட்டது. வந்த பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நாய் இருந்தது, வளைவில் அவனும் இருந்தான். நான் ஓடுவதை விட்டேன். அந்த வாரத்தைத்தான் முதலில் சொன்னேன். கடைக்குப் பக்கத்து லேப்பில் சுகர் பார்த்தால் ஏறியிருந்தது. ராத்திரி படுத்தால் அம்மாவின் மொட்டைக் கால்தான் கண்ணுக்குள் வந்து நிற்கும். இவளைக் கும்பிட்டு என்ன பிரயோசனம் என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை, எழுதுகிறேன்.

அப்போது ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த லட்சுமி, "நாளைக்குச் சாயந்தரம் கெடையக் கிளப்பிருவோம்க்கா. ஒனக்கு நிம்மதி" என்றாள். மனசு லேசாயிற்று. தாய் பாதியாவது கேட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரமாக என்னைக் காணாமல் அவனும் வேறு பக்கம் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிடை கிளம்பியிருக்க வேண்டிய சாயங்காலத்துக்கு மறுநாள் காலையில் ஷூவை மாட்டினேன். கோவிலைத் தாண்டும்போது காட்டைப் பார்த்தேன். பாதையோரம் கிடை இல்லை. நாய்ச் சத்தமும் இல்லை. தாயே நல்லா இரு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஓடினேன். வளைவு திரும்பினால் வண்டி குறுக்கே நிற்கிறது.

திரும்பி ஓடப் பார்த்தேன். அவன் அதற்குள் எனக்கும் கோவிலுக்கும் நடுவில் வந்து நின்றான். "எங்க ஒரு வாரமா ஆளக் காணோம்?" என்றான். என்னைத் தெரிந்தவன் மாதிரி கேட்டான். கையைப் பிடித்தான். உதறினேன். சட்டைக் கை கிழிந்து அவன் பிடியோடு போனது. வீட்டுப் பக்கம் போக வழியில்லை. காட்டுக்குள் இறங்கி ஓடினேன்.

தட்டைக் கட்டைகளில் ஓட முடியவில்லை. ஒரு ஷூ கழன்றது. உள்ளங்காலில் ஏதோ ஏறியது. பின்னால் அவன் வரும் சத்தம் நெருங்கிக்கொண்டே இருந்தது. "தாயி, காப்பாத்து" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்போதுதான் காட்டின் வடக்கு மூலையில், கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்து நாய்கள் குரைத்தன. எனக்கு நேர் எதிராக வருகின்றன. முன்னால் நாய், பின்னால் அவன்.

உட்கார்ந்துவிட்டேன்.

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மேல் சிலிர்க்கிறது. ஒருவன் துரத்தும்போது எந்தப் பொம்பளையாவது உட்காருவாளா? லட்சுமி சொன்னது எனக்கு ஞாபகம் வந்து நான் யோசித்து உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்க அங்கே நேரம் இல்லை. என் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார வைத்தது காளியம்மன்தான். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தேன். நாய்கள் என் இரண்டு பக்கமும் புழுதி பறக்கப் போயின. ஒன்றின் உடம்பு என் தோளில் உரசியது. ஒன்றுகூட என்னைக் கடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் மேல்தான் எல்லாம் போய் விழுந்தன. அவன் போட்ட சத்தம் ஊர் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

கீதாரி கம்போடு வந்து சீட்டியடித்தார். நாய்கள் விலகி நின்றன. லட்சுமி என்னைக் கட்டிக்கொண்டாள். ஊர் ஆட்களும் வந்துவிட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால் முன்பின் பார்த்திராத முகம். யாருக்கோ அண்ணன் தம்பி மாதிரிச் சாதாரணமாக இருந்தான். எனக்கு அதுதான் ஆத்திரம்.

கூட்டத்தில் ஒருவர், "பொம்பளப் பிள்ளைக்கு இந்நேரத்துல என்ன ஓட்டம்?" என்றார்.

லட்சுமி விடவில்லை. "அக்காவுக்கு ஒடம்புக்கு முடியல, ஓடுது. அவனுக்கு இங்கன என்ன சோலி? அத ஒருத்தரும் கேக்கக் காணோம்?" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போலீஸ் வந்து அவனைக் கொண்டு போனார்கள். நானே என் கையால் புகார் எழுதிக் கொடுத்தேன்.

"நேத்துக் கிளம்பிருவோம்ன, எப்படி இருந்தீக?" என்று லட்சுமியிடம் அப்புறம் கேட்டேன்.

"கிளம்பத்தாங்க்கா நின்னோம். காட்டுக்காரரு வந்து, வடக்கு மூலையில புழுக்கையே விழுகல, இன்னொரு ராத்திரி அங்கன அடைச்சுட்டுப் போங்கன்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாரு. எங்க வீட்டுக்காரரு சண்டை போட்டுப் பாத்தாரு. ஆகல" என்றாள்.

பெருமாள்சாமி மாமாவின் கஞ்சத்தனம் எங்கள் ஊரே அறிந்தது. அதையும் ஒரு வேலைக்கு எடுத்துக்கொண்டாள் பாருங்கள். நாயை விரட்டு என்று நான் அழுது கேட்டேன். என் தாய் அதை மட்டும் காதில் வாங்கவே இல்லை. வாங்கியிருந்தால் இன்றைக்கு இதை எழுத நான் இல்லை.

பிறகு காலைப் பார்த்தேன். உள்ளங்காலில் தட்டைக் கட்டை ஆழமாகக் குத்தியிருந்தது. எங்கள் அம்மாவுக்குக் குத்திய அதே இடம். அவன் பிடித்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் கிடந்தேன். சேதி தெரிந்து வீட்டுக்காரர் பாதி வழியில் வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"போதும் செல்வி. இனிமே ஓட வேணாம்" என்றார்.

நான் வாதாடவில்லை. வாதாடத் தெம்பில்லை. காளியம்மா, இதையும் நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

கட்டு மாற்ற அவர்தான் கூட்டிப் போனார். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள். "நல்லா ஆறிக்கிட்டு வருது. இத்தனை நாள் ஓடி உடம்பக் கட்டுக்குள்ள வச்சிருந்தீங்க, அதான். இல்லைன்னா இந்தக் காலுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்கள். வீட்டுக்காரர் கட்டுப் போட்ட என் காலைப் பார்த்தார். எங்கள் அம்மாவைக் கடைசி வரைக்கும் தூக்கி உட்கார வைத்தவர் அவர். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஓடு. ஆனா எனக்குச் சொல்லிட்டு ஓடு" என்றார். அந்த ரோட்டிலேயே அழுதேன்.

புண் ஆறியது. தழும்பு மட்டும் இருக்கிறது. சித்திரையில் பொங்கல் வைத்தேன். நேர்ந்துகொண்டபடி நாய் போகவில்லையே, எதற்குப் பொங்கல் என்று பெரியவள் கேட்டாள். அதற்குத்தாண்டி பொங்கல் என்றேன்.

இப்போதும் ஓடுகிறேன். கிளம்பும்போது வீட்டுக்காரருக்குப் போனில் லொகேஷன் போட்டுவிடுவேன். காதில் பாட்டு மாட்டுவதில்லை. ஒரே வழியில் தினமும் போவதில்லை. பால் மாமாவிடம் இன்றைக்கு இந்தப் பக்கம் போறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அவரும் முன்னைப் போலக் கேலி செய்வதில்லை. சாமியை நம்புகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். அவள் மனுஷர்களை வைத்துத்தான் காப்பாற்றுகிறாள். வாயை மூடிக்கொண்டு தனியாகப் பயந்துகொண்டிருந்தால் அவள் யாரை அனுப்புவாள்?

அக்கா தங்கச்சிமாரே, கேட்டது கிடைக்கவில்லை என்றால் அவளிடம் கோபித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அவள் ஏச்சுக்கு அஞ்சுகிறவள் இல்லை. ஆனால் வாசலை மட்டும் மிதிக்காமல் இருந்துவிடாதீர்கள். என் அம்மாவுக்கு ஏன் செய்யவில்லை என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், பதில் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இல்லாமல் போன அந்தக் கால் எனக்கு இருக்கிறது. நாளைக் காலையும் இரண்டு காலிலும் ஷூ மாட்டுவேன்.