படிக்காமல் பரிந்துரைத்த நாவல்

போன சனிக்கிழமை பதுளையில் ஒரு நூலகத்துக்குப் போயிருந்தேன். வாசலுக்கு எதிரே சின்னதாக ஒரு புத்தக ராக்கை. அதன் மேல் கலர் பேனாவால் எழுதிய அட்டை: ‘எங்கள் ஊழியர்களுக்குப் பிடித்த நாவல்கள்.’ ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் பரிந்துரைத்தவர் பெயர்.

நான் பார்ப்பதைக் கண்டு ஓர் இளம்பெண் ஓடி வந்தாள். “மிஸ், இத எடுத்துட்டுப் போங்க. சூப்பர் நாவல். எனக்கு ரொம்பப் புடிச்சது.”

“அப்படியா? முடிவு எப்படி… சந்தோஷமா, சோகமா?” என்றேன். சும்மாதான் கேட்டேன்.

அவ்வளவுதான். முகத்தில் ஈயாடவில்லை. “அது… மிஸ்… வாசிச்சாத்தான் நல்லாருக்கும்…” என்று இழுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த முழியை எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், இதே ஊரில் வேறொரு நூலகத்தில், நானும் அப்படி முழித்தவள்தான்.

ஆமாம்… வாரா வாரம் இந்தப் பத்தியில் ‘படியுங்கள், படியுங்கள்’ என்று உங்கள் உயிரை எடுக்கிறேனே, அந்த நான் நூலக உதவியாளராகச் சேர்ந்தபோது ஒரு நாவலைக்கூட முழுதாகப் படித்ததில்லை. வேலை கிடைத்தது, போனேன். பத்திரிகைப் பகுதியில் போட்டார்கள். பேப்பரை மடித்து வைக்க இலக்கிய ரசனை எதற்கு?

எங்கள் நூலகர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் புத்தகம் என்றால் உருகிவிடுவார். ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டார். “ஒவ்வொருத்தரும் தங்களுக்குப் பிடிச்ச நாவல் ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ. பேரெழுதி முன்னுக்கு வைப்பம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “பிள்ளை, நீரும்தான்” என்றார்.

நூலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, நாவலே படித்ததில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் என் குறுக்கு மூளை வேலை செய்தது. நூலகப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். புத்தகம் வெளியே போகும் ஒவ்வொரு முறையும், திருப்பித் தரவேண்டிய திகதியை அதில் முத்திரை குத்துவார்கள். எந்தத் தாளில் முத்திரை அதிகமோ அதுதானே ஊருக்கே பிடித்த நாவல்? ஊருக்குப் பிடித்தது எனக்கும் பிடித்ததாக இருந்துவிட்டுப் போகட்டுமே!

ராக்கை ராக்கையாகத் தேடியதில் ஒரு தடித்த நாவல் அகப்பட்டது. தாள் முழுக்க முத்திரை. இடம் போதாமல் மேலே இன்னொரு தாள் வேறு ஒட்டியிருந்தார்கள். பெயரை எழுதிச் செருகி முன்னால் வைத்தேன். மறுநாளே யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நூலகர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை சனிக்கிழமை வரைதான்.

சனிக்கிழமை பாக்கியம் வந்தார். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பிள்ளைமடுவத்தில் ஆயம்மா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

“என் பொஸ்தகம் எங்க மிஸ்? வச்ச எடத்துல காணோமே?”

எந்தப் புத்தகம் என்று கேட்டேன். சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

கவுண்டரில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த முத்திரைகள் ஊருடையவை அல்ல. அத்தனையும் பாக்கியம் என்ற ஒரே ஒரு மனுஷியுடையவை! இரண்டு வாரத்துக்கொரு முறை பஸ் ஏறி வந்து புதுப்பித்துக்கொண்டு போவாராம். தொடர்ந்து மூன்று முறைதான் புதுப்பிக்கலாம், அதன் பிறகு ஒரு வாரமாவது புத்தகம் ராக்கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த ஒரு வாரம் கழிந்ததும் மறுபடி வருவார். புத்தகம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். வேறு யாரும் அதைத் தொட்டதே இல்லை — கெட்டிக்காரி நான் வந்து சேரும் வரை.

“ஒரே பொஸ்தகத்த இவ்வளவு நாளாவா வாசிக்கிறீங்க?” என்று பாக்கியத்திடமே கேட்டேன்.

“நான் மட்டுமா வாசிக்கிறேன்? மத்தியானம் புள்ளைங்களப் பாக்கப் பொம்பளைங்க வருவாங்கள்ல, அவங்க சோறு ஊட்டுற நேரத்துல ஒரு பக்கம் ரெண்டு பக்கம் சத்தமா வாசிப்பேன். ஒரு வருசமாப் போகுது மிஸ். கடைசி இருவது பக்கம்தான் பாக்கி. நம்ம செல்வராணி செவ்வாக்கிழம சவூதிக்குப் போறா, வீட்டு வேலைக்கு. ரெண்டு வயசுப் பயல மாமியாகிட்ட விட்டுட்டுப் போறா. தேவகி கத என்னாச்சுன்னு தெரியாம பிளேன் ஏற மாட்டேங்கிறா.”

தேவகி யார் என்று நான் கேட்கவில்லை. ‘எனக்குப் பிடித்த’ நாவலின் கதாநாயகி யாரென்று நானே எப்படிக் கேட்பது? நல்லவேளை, அவராகவே சொன்னார். பிள்ளையை விட்டுவிட்டுத் தூரதேசம் பிழைக்கப் போன தாய் தேவகி. ஏழு வருஷமாகத் தகவல் இல்லை. அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா… கதை அங்கேதான் நிற்கிறது.

“திங்கக்கிழம மத்தியானத்துக்குள்ள கெடச்சாப் போதும் மிஸ்” என்றார். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நானே கொண்டாந்து தர்றேன்” என்று சொல்லிவிட்டேன்.

நாவலை எடுத்துப் போனவர் பண்டாரவளையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். ஞாயிறு காலை பஸ் ஏறினேன். ஞாயிறு அங்கே சந்தை நாள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. கூட்டத்துக்கு நடுவே மேசைக்குப் பின்னால் ஹாஜியார். அவர் மடியில்… அந்த நாவல்!

கதையைச் சொன்னேன். உருக்கமாகத்தான் கேட்டார். ஆனால் புத்தகத்தை விடவில்லை.

“தாறேன் மகள், தாறேன். இன்னம் பதினெட்டுப் பக்கம்தான் ஈக்கி. இதுல உட்டா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். ஆனா பாருங்க, ஆக்கள் வந்துக்கொண்டே ஈக்கிறாங்க. எங்க வாசிக்கிற?”

நியாயம்தானே? எனக்கு வேறு வழி தெரியவில்லை. “நீங்க வாசிங்க ஹாஜியார். கடைய நான் பாத்துக்கிறேன்.”

அப்படித்தான் நான் வாளி விற்றேன். பேசின் விற்றேன். தெரிந்த சிங்களத்தை எல்லாம் திரட்டிப் பேரம் பேசினேன். ஒரு மரக்கறிக்காரருக்குச் சின்ன வாளியைக் கொடுத்துப் பெரிய வாளியின் மூடியைக் கொடுத்தனுப்பினேன்; பாவம், இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். ஹாஜியாரோ ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தரம் வாசிக்கிற வேகத்தில் வாசித்தார்.

ஒரு மணி நேரம் கழித்துப் புத்தகத்தை மூடினார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

எனக்குப் பகீரென்றது. “சோகமான முடிவா ஹாஜியார்?”

“முடிவ செல்லுறது பாவம் மகள். அது கெடக்கட்டும், நீங்கதானே இதுக்குப் பேரெழுதி வெச்ச? ஒங்களுக்கு எந்த எடம் புடிச்ச?”

அத்தனை வாளி விற்ற களைப்பில் பொய்கூட வரவில்லை. “நான் வாசிக்கவே இல்ல ஹாஜியார்.”

அவர் கடை அதிரச் சிரித்தார். “படிச்ச ஆக்கள் சென்ன கிதாபெல்லாம் பத்துப் பக்கத்துல தூக்கம் வந்த. படிக்காத நீங்க சென்னது ஆறு நாளா என்ட தூக்கத்தக் கெடுத்த!”

வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். தேவகி திரும்பி வருகிறாள். வாசலில் அவள் பிள்ளை நிற்கிறது. அவளை ஏற இறங்கப் பார்த்து, ‘நீங்க யாரு?’ என்று கேட்கிறது. தேவகி பதில் சொல்லாமல் வாசற்படியில் உட்காருகிறாள். கதை முடிந்தது.

இதையா போய்க் கொடுப்பது? நாளை மறுநாள் பிள்ளையைப் பிரியப்போகிற ஒருத்திக்கு இந்த முடிவா?

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். புத்தகத்தைக் கொடுத்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். பாக்கியம் விடவில்லை. “தொண்ட கட்டிக்கிச்சு மிஸ். நீங்களே வாசிங்க. ஒங்களுக்குப் புடிச்ச பொஸ்தகமாமே!”

எப்படி மாட்டிக்கொண்டேன் பார்த்தீர்களா?

பத்துப் பதினைந்து பெண்கள், தலையில் சுற்றிய துணியோடு, மடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். செல்வராணியைக் காட்டித் தர வேண்டியிருக்கவில்லை. மகனை இடுப்பைவிட்டு இறக்காமல் முன்னால் நின்றவள் அவள்தான்.

வாசிக்க வாசிக்க என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ‘நீங்க யாரு’ என்பதை விட்டுவிட்டு ‘அம்மா’ என்று கூப்பிட்டதாக வாசித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த இடம் வந்தது. நிறுத்தினேன்.

“நிப்பாட்டாதீங்க மிஸ்” என்றாள் செல்வராணி.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாற்றி வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தேன். புத்தகத்தை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அழப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“அப்பாடா!” என்று பெரிய மூச்சு ஒன்று கேட்டது.

நிமிர்ந்தேன். செல்வராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அவ அங்கேயே செத்துருவாளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் மிஸ். வந்து சேந்துட்டால்ல? அது போதும். புள்ள மறந்தா என்ன, பக்கத்துலயே ஒக்காந்திருந்தா தன்னால பழகிக்கும்.”

என் தோளிலிருந்து ஒரு மூட்டை கொழுந்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நான் சோகம் என்று பயந்த அதே வரி அவளுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறது! ஒரு புத்தகம் யாருக்கு எதற்காக வேண்டியிருக்கிறது என்பது பரிந்துரைக்கிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. படித்தவர்களுக்கும்தான்.

பிறகு அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான் முழுதாகப் படித்த முதல் நாவல் அது. பெயரைக் கேட்காதீர்கள். பாக்கியம் இந்த வயதிலும் புதிதாக வந்த பெண்களுக்கு அதை மறுபடி தொடங்கியிருக்கிறார், நீங்கள் எல்லோரும் போய்க் கேட்டால் அவருக்குக் கிடைக்காமல் போய்விடும்.

செல்வராணி? இரண்டு வருஷத்தில் நல்லபடியாக வந்து சேர்ந்தாள். மகன் மூன்று நாள் கிட்டவே வரவில்லையாம். இவளும் பேசாமல் லயத்து வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

நான்காம் நாள் இடுப்பில் ஏறியவனை இறக்கிவிட முடியவில்லையாம்!