காட்டுமாடு நின்ற சுவர்

செம்பட்டி முக்கில் ஒரு பிரியாணிக் கடையின் உள்சுவர் எனக்குக் கிடைத்ததும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அப்பாவுக்குப் போன் போட்டேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பெயிண்ட் டப்பாவோடு அலைகிற மகன் நான். "முடிச்சிட்டுச் சொல்லு, வந்து பாக்குறேன். அதுக்கப்பறம் சென்னை வேலையப் பத்திப் பேசுவோம்" என்றார். அந்தச் சுவரைப் பார்த்தால் போதும், சென்னைப் பேச்சையே எடுக்கமாட்டார் என்று நம்பினேன்.

"என்னத்தையும் வரைஞ்சுக்க அப்பு. இயற்கையா இருந்தாச் சரி" என்றார் கடைக்காரர்.

இயற்கைக்கு நான் எங்கே போகவேண்டும்? கன்னிவாடி மலையடிவாரத்தில், விடிகிற நேரத்தில், மக்காச்சோளக் காட்டின் ஓரம் ஒரு காட்டுமாடு என்னைப் பார்த்து நின்றிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே மலை மாதிரி கறுப்பு. போட்டோ எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அது நின்ற நிலையைத்தான் சுவர் உயரத்துக்கு வரைந்தேன். வெறும் கறுப்பு தொடவில்லை. நீலமும் காவியும் குழைத்துக் குழைத்துத் தோலில் பனியீரத்தைக் கொண்டுவந்தேன். கண்ணுக்கு மட்டும் ஒரு பகல் முழுக்கப் போனது.

ஞாயிற்றுக்கிழமை, காய்கறி இறக்கிவிட்டுக் கன்னிவாடி விவசாயிகள் சாப்பிட வந்தார்கள்.

"ஏலே, இங்கயும் வந்துருச்சுடா!"

"ராப்பூராம் தகரத்தத் தட்டி வெரட்டிட்டு, செத்த நேரம் நிம்மதியா திம்போம்னு வந்தா, எலைக்கு முன்னால வந்து நிக்குது."

"அதுக்கும் ஒரு எலை போடுங்கண்ணே. சோளமாத் தின்னு நாக்குச் செத்துருக்கும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒருவர் மட்டும் இலையைத் தூக்கிக்கொண்டு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான்தான் வரைந்தது என்று தெரிந்ததும் திரும்பாமலே சொன்னார்: "அச்சு அசலா இருக்கு தம்பி. அதான் பாக்க முடியல."

அதற்கப்புறம் அந்தச் சுவரைப் பார்த்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

"கோவிச்சுக்காத அப்பு. ஒரு அருவி, ரெண்டு மானு, போட்டு விட்ரு" என்றார் கடைக்காரர்.

"இந்தப் பக்கம் அருவி எங்கண்ணே இருக்கு?"

"இல்லாததத்தான் கேக்குறேன். இருக்குறதத்தான் தெனமும் பாக்குறாங்களே."

மாட்டேன் என்றால் வேறொருவன் வந்து அதன்மேல் பெயிண்ட் அடிப்பான். நானே ரோலரை எடுத்தேன். வெள்ளை பிரைமரில் வெள்ளைக் கால்கள் முதல் இழுப்பிலேயே போய்விட்டன. கண் மறைய மூன்று கோட் அடிக்கவேண்டியிருந்தது. அதன்மேல், கைப்பேசியில் தேடி எடுத்த ஏதோ ஓர் அருவியை இறக்கினேன்.

பெயிண்ட் வாசம் போவதற்குள் அப்பா வந்துவிட்டார். பிரியாணியைப் பிசைந்தபடி சுவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. காலண்டர் படமாட்டம்." எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இதுக்கா இம்புட்டு அலைச்சல்?" என்றார்.

காட்டுமாட்டுச் சுவரின் போட்டோ என் கைப்பேசியில் இருந்தது. எடுத்தேன். 'இது எங்கே?' என்று கேட்பார். பார்க்க முடியாமல் அழிக்கச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னால், என்னைச் சென்னைக்கு அனுப்ப அதுவே அவருக்குப் போதும். திரும்பச் சட்டைப்பையில் போட்டேன்.

"சென்னைக்கு என்ன சொல்ல?"

"வாரேன்னு சொல்லிருங்கப்பா."

பக்கத்து பெஞ்சில் கன்னிவாடிக்காரர்கள் அருவியைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "சால்னா இன்னுங் கொஞ்சம் ஊத்துப்பா" என்று ஒருவர் இலையைத் தள்ளினார்.