ஒருவருக்கு ஒரு கரண்டி

அந்த இயற்கை அங்காடியில் எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள். கண்டக்டர் வாயைத் திறந்தால் மட்டும் தராசு முள்ளே ஒரு தடவை ஆடி நிற்கும். வேலை பார்த்த காலமெல்லாம் ஓடும் பஸ்ஸில், முன் படிக்கட்டில் நின்றுகொண்டு கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய தொண்டை. வேலை ரிட்டயர் ஆனது, தொண்டை ஆகவில்லை. தெருவில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் என்றால் அவள்தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நாள் பூரா நின்னுட்டு வர்றவளுக்கு உக்கார வச்சு சோறு போட எவன் வருவான்? அவனுக்கும் நான்தான் போடணும்" என்பாள். அவளுக்கென்று இருந்தது ஒரு தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அக்காவிடம் வந்து சேர்ந்தவள். அவன் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. போகும்போது நல்ல பெட்டியை எடுத்துக்கொண்டு போனதுதான் வருத்தம். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் சமையல், ஒன்றில் படுக்கை. ஒருத்தி கத்துவாள், ஒருத்தி சிரிப்பாள், அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

தங்கைக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் ஏப்பம், வயிற்று உப்புசம் அந்த வகை இல்லை. ஒரு பொட்டு உள்ளே போனாலும் உதடு தடித்து, நாக்கு வீங்கி, தொண்டை மூடிக்கொள்ளும். சின்ன வயதில் இது யாருக்கும் புரியவில்லை. கொடுத்ததைத் தின்னாத திமிர் என்று முதுகில் நாலு வைத்தார்கள். வளர்ந்த பிறகு ஒரு டாக்டர்தான் இன்னது என்று சொன்னார். மளிகைக்கடை மாவுப் பாக்கெட்டுகளின் பின்னால், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், 'வேர்க்கடலை கலந்திருக்கலாம்' என்று போட்டிருக்கும். கலந்திருக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? செத்தால் எங்களைக் கேட்காதே என்று அர்த்தம்.

அதனால்தான் பஸ் திருப்பத்தில் அந்த அங்காடி திறந்தபோது இரண்டு பேருக்கும் உயிர் வந்தது. அங்கே சோள மாவு ஒரே பண்ணையிலிருந்து தைத்த மூட்டையில் வரும். அந்தப் பண்ணையிலும் அங்கிருக்கும் மில்லிலும் வேர்க்கடலை வாசமே கிடையாது. கடைக்காரருக்கு ஒவ்வொரு தானியமும் எந்த வயலில் விளைந்தது, யார் அறுத்தார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. நெஞ்சுவரை தாடி. எல்லோரும் தாடி என்றே சொன்னார்கள். பொய் சொல்லமாட்டார். முந்தாநாள் வந்த கீரையைக்கூட முந்தாநாள் வந்தது என்று எழுதிவைத்து விற்கிற மனுஷன்.

தங்கை சோள மாவில் ரொட்டி சுட ஆரம்பித்தாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, உள்ளங்கையாலேயே தட்டி, கல்லில் போட்டு எடுப்பாள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு மாதிரி. கன்னத்தில் சதை வைத்தது. கண்டக்டர் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். வாயால் மட்டும், "தின்னு தின்னு, படி இடிஞ்சு விழட்டும்" என்பாள்.

ஒரு சாயங்காலம் அந்த ரொட்டியைத் தின்றுகொண்டே கீழ்வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்த தங்கை பாதிப் பேச்சில் நின்றாள். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். கண்டக்டர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியது எப்படி என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கேயோ கடலை கலந்திருக்கிறது என்றார் டாக்டர். வீட்டில் வைத்துக்கொள்ள ஓர் ஊசியும் கொடுத்தனுப்பினார்.

அன்றோடு தங்கை ரொட்டிக்கல் பக்கமே போகவில்லை. உருளைக்கிழங்கைத் தானே கழுவி, தானே வேகவைத்து, அதை மட்டும் தின்றாள். ஆள் பாதியானாள். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைக்கு ஏறியது.

"ஒரு ரொட்டி சுடுடி. வேற மாவு வாங்கியாறேன்."

"வேணாங்க்கா. வாயில வைக்கும்போதே அந்த மூச்சு ஞாபகம் வருது. எனக்கு இதே போதும்."

"போதுமா? உன்னைக் காத்தடிச்சா கொடில மாட்டின துணி மாதிரி ஆடற."

தங்கை சிரிக்கவில்லை. அதுதான் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. எந்த வழியாக அந்தக் கடலை வந்ததோ அந்த வழியை அடைத்து, இவளை மறுபடி ரொட்டி தின்ன வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். அவள் முடிவு கட்டினால் கட்டினதுதான்.

மறுநாள் காலையில் அங்காடிக்குப் போனாள். எதையும் வாங்காமல் சும்மா நின்று பார்த்தாள். சுவரோரமாக வரிசையாக மரப்பெட்டிகள், மூடி போட்டு, உள்ளே தானியமும் மாவும். வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில், ஜாடி கொண்டுவந்து தாங்களே அள்ளிக்கொள்ள வேண்டும். வாசலில் ஒரு கூடையில் மரக்கரண்டிகள். மேலே பெரிதாக ஒரு பலகை: 'ஒருவருக்கு ஒரு கரண்டி. நீரைச் சேமிப்போம்.' இத்தனை நாளாக அந்தப் பலகையைப் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை. இவளும் ஒரு கரண்டிதான் எடுப்பாள். ஆனால் சோள மாவைத் தவிர வேறு எதையும் அள்ளமாட்டாளே, எங்கே உறைக்கும்?

அப்போது பச்சைத் துணிப்பை மாட்டிய ஓர் அம்மாள் வந்தார். கரண்டியை எடுத்தார். வேர்க்கடலை மாவில் விட்டு அள்ளினார். கரண்டியை ஜாடி விளிம்பில் ஒரு தட்டு. அடுத்த பெட்டியைத் திறந்தார். சோள மாவு. அதே கரண்டியை உள்ளே விட்டார்.

"நிறுத்துங்க!"

பச்சைப்பை அம்மாள் கையிலிருந்த ஜாடி உருண்டது. தாடி ஓடிவந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? இப்படித்தான் என் தங்கச்சி உயிரு போயிட்டு வந்துச்சு. கடலைல விட்ட கரண்டிய சோளத்துல விடறாங்க, நீங்க பாத்துட்டு நிக்கறீங்க."

"ஒரு ஆளுக்கு ஒரு கரண்டிதாங்கம்மா இங்க. பொட்டிக்குப் பொட்டி வேற கரண்டின்னா எவ்ளோ கழுவணும், எவ்ளோ தண்ணி! அது நம்ம கடையோட கொள்கை. அப்புறம், இதெல்லாம் இயற்கையா விளைஞ்சது. இயற்கை யாரையும் கொல்லாதும்மா."

"பாம்பு எந்த ஃபேக்டரில தம்பி செய்யறாங்க?"

பச்சைப்பை ஜாடியைப் பொறுக்கிக்கொண்டே முகத்தைச் சுளித்தார். "யாரோ ஒருத்தருக்கு ஒத்துக்கலைன்னா ஊரே மாறணுமா? அவங்க வேற கடைக்குப் போகலாமே."

"போகலாம். அந்தக் கடை அட்ரஸ் சொல்லுங்க, இப்பவே போறேன்."

தாடி இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில், தங்கைக்கென்று தனியாக ஒரு மூட்டையை ஒதுக்கி உள்ளே வைத்துவிடுவதாகச் சொன்னார். கண்டக்டர் ஒரு நிமிஷம் யோசித்தாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தங்கையை அவளுக்குத் தெரியும். மூடிய கதவுக்குப் பின்னால் யார் எந்தக் கரண்டியை விட்டார்களோ என்று அந்த மாவையும் தொடமாட்டாள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள்.

"ஒளிச்சு வைக்கற மாவு வேணாம் தம்பி. எல்லாரும் அள்ளற பொட்டிலேர்ந்தே அவ அள்ளணும். பொட்டிக்கு ஒரு கரண்டி, அதுலயே கட்டிப் போடுங்க. கழுவவே வேணாம். தண்ணியும் மிச்சம்."

"கட்டிப் போடறதா? வர்றவங்களை நம்பாத மாதிரி இருக்கும்மா. பேங்க்ல பேனாவக் கட்டற மாதிரி. மனசு வராது."

அவர் மனசு வரும்வரை இவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் கடையில் கூட்டம் சேரும் நேரமாகப் பார்த்துப் போனாள். ஒரே ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். தன் முறை வந்ததும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் ஒரே கேள்வி.

"தம்பி, இந்தச் சோள மாவுல வேர்க்கடலை இருக்கா, இல்லையா?"

தாடி தராசுத் தட்டைத் துடைப்பார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தை அவர் வாயில் வராது.

"தெரியாதும்மா."

"சரி." காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். சண்டை இல்லை, சாபம் இல்லை. மறுநாள் மறுபடி எலுமிச்சம்பழம், மறுபடி கேள்வி, மறுபடி தெரியாது. வீட்டில் எலுமிச்சம்பழம் குவிந்தது. "கடை வைக்கப் போறியாக்கா?" என்று தங்கை கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் கண்டக்டர் அதைச் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கடையில் ஒரு பெரியவர் வாடிக்கை. எந்தச் சாமானை எடுத்தாலும் அதன் அப்பன், பாட்டன் வரைக்கும் விசாரிப்பார். அவருக்கு ஜாதகக்காரர் என்று பேர். கோதுமையைத் தொட்டே வருஷக்கணக்காகிறது, அதனால்தான் முட்டிவலி ஓடிப்போனது என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்வார். அன்றைக்கு வரிசையில் கண்டக்டருக்குப் பின்னால் நின்றிருந்தார். அவள் கேட்டாள், தாடி தெரியாது என்றார். அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். ஜாதகக்காரர் நகரவில்லை.

"என்ன சார் தெரியாதுங்கறீங்க? எந்த வயல்ல விளைஞ்சதுன்னு சொல்றவரு, பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதா?"

"எல்லாரும் ஒரே கரண்டியோட சுத்தறாங்க இல்லீங்களா..."

"அப்போ என் கம்பு மாவுல?"

தாடி தரையைப் பார்த்தார். "கம்புக்குப் பக்கத்துப் பொட்டி கோதுமைதான் சார்."

ஜாதகக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து முட்டியைத் தடவிப் பார்த்தார். "அதானே, ரெண்டு மாசமா ஒரு குத்தல்!" என்று அலறினார். வரிசையே கலைந்தது. ஒருத்திக்கு எள் ஆகாது, ஒருவர் சர்க்கரை சேர்க்கமாட்டார், ஆளுக்கொரு விரதம், ஆளுக்கொரு பெட்டி. பச்சைப்பை தன் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வறுத்து அரைச்சது எதுவும் என் மாவுல கலந்திருக்காதே? எனக்கு வறுத்தது ஆகவே ஆகாது."

"வேற கடைக்குப் போங்களேன்" என்றாள் கண்டக்டர்.

பச்சைப்பை ஜாடியைப் பைக்குள் திணித்தார். தாடி பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "சரிம்மா. கட்டிடலாம். கயிறு வாங்கணும்."

கண்டக்டர் பைக்குள் கைவிட்டு எலுமிச்சம்பழங்களுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தாள். எலுமிச்சம்பழம் வாங்க ஆரம்பித்த அன்றே வாங்கியது.

கயிறு கட்டினால் மட்டும் போதாது என்றும் சொன்னாள். பெட்டிகளையெல்லாம் காலி செய்யச் சொன்னாள். சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, புது மூட்டை பிரித்துக் கொட்டினார்கள். கூடையிலிருந்த பழைய கரண்டிகளை ஓரங்கட்டி, புதுக் கரண்டி வந்தது. வேர்க்கடலை வகையறாவை வாசலோரம் ஒரு மூலைக்குத் தள்ளினாள். "உனக்குக் கடைசி சீட்டு" என்று அந்தப் பெட்டியிடமே சொன்னாள். தாடி முனகிக்கொண்டே கூடமாட வேலை செய்தார். பலகையைக் கழற்றும்போது மட்டும் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன்தான். நல்லவர்களுக்குத்தான் தாங்கள் செய்வதில் கெடுதல் இருக்கும் என்று சீக்கிரம் தோன்றாது.

இத்தனையும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னால், தங்கை உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ கட்டினே சரி. வர்றவங்க கயிற இழுத்துப் பக்கத்துப் பொட்டில விடமாட்டாங்களா?"

"வந்து பாருடி."

"வேணாங்க்கா."

"வரலேன்னா தோள்ல போட்டுட்டுப் போவேன். போன தடவை மூச்சு இல்லாம கனத்தே, இப்ப எலும்புதானே, சுலபம்."

தங்கை வந்தாள். கடைக்குள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். சோள மாவுப் பெட்டிமுன் நின்றாள். மூடியைத் திறந்து, கரண்டியைப் பிடித்து, பக்கத்துப் பெட்டியை நோக்கி இழுத்தாள். கயிறு விறைத்தது. பக்கத்துப் பெட்டிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. இன்னொரு பக்கமாக இழுத்தாள். அங்கேயும் எட்டவில்லை. உடம்பைச் சாய்த்து, பல்லைக் கடித்து இழுத்தாள். தாடி பதறினார். "அம்மா, பொட்டி சாஞ்சிரும்!"

"இழுக்கட்டும் விடுங்க" என்றாள் கண்டக்டர். "என் முடிச்சு."

தங்கை கரண்டியை விட்டாள். தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள். பிறகு ஜாடியின் மூடியைத் திருகினாள்.

அன்று சாயங்காலம் மாடியில் ரொட்டி வாசம். கண்டக்டர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கொடுத்த ஊசி மடியில். கண் தங்கையின் உதட்டைவிட்டு நகரவில்லை. தங்கை ஒரு துண்டு கிள்ளினாள். வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். தெருவில் ஒரு பஸ் போய் அந்தச் சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

"என்னக்கா, டிக்கெட் எடுக்காதவனைப் பாக்கற மாதிரி பாக்கற?"

"மூச்சு?"

"வருது."

தங்கை அடுத்த துண்டைக் கிள்ளினாள். இந்தத் தடவை பெரிதாக. கண்டக்டர் ஊசியை மடியிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கையை மட்டும் தட்டுக்கு நீட்டினாள்.

"ஓரமாப் பாத்துக் குடு. மொறுமொறுன்னு இருக்கற பக்கம்."