செக்‌ஷன் இல்லாத கோடு

இது நடந்தது. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். இரண்டு மணி நாற்பது. நம்பாதவர்கள் கூடுவாஞ்சேரிக்கு வந்து வரதனையே கேட்கலாம். டீ வாங்கிக் கொடுத்தால் இரண்டு தரம் சொல்வான்.

மாமல்லபுரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு விடுதிக்கு அவன்தான் டிசைன். மறுநாள் காலை முதல் மாடி பால்கனிக்குக் கான்கிரீட். நாலு மணிக்குள் வரைபடம் போயாக வேண்டும். கம்ப்யூட்டரில் பீம் என்பது வெறும் கோடு. ஸ்லாப் வெறும் தாள். அகலம், தடிமன் என்கிற ‘செக்‌ஷனை’ நாம் கொடுத்தால்தான் அவற்றுக்கு உடம்பு வரும். அதையெல்லாம் உட்கார்ந்து கொடுக்கிற ஆளா வரதன்? சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குப் போன வருடம் போட்ட ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மேலே நாலு கோடு இழுத்தான். அவன் இதை அனுபவம் என்று சொல்லிக்கொள்வான்.

சோதனை ஓட்டினான். ‘ஒரு பீமுக்கு செக்‌ஷன் கொடுக்கப்படவில்லை.’

தேடினான். பால்கனிக்கு அடியில், தரையில், செங்குத்தாக ஒரு கோடு. ஆள் உயரம்.

“ஜெபா, என் மாடல்ல கை வச்சியா?” பக்கத்து மேஜையைப் பார்த்துக் கேட்டான்.

“எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு. பிரியாணி துன்னுட்டு தூங்கிகினு இருந்தியே, நீயே போட்டிருப்ப.”

நியாயம்தான். அழித்தான். 2:46. மறுபடி ஓட்டினான்.

கோடு இருந்தது. ஓரடி தள்ளி...

அழித்தான். வந்தது. இந்த முறை லேசாகச் சாய்ந்திருந்தது.

2:51. கரண்ட் போனது. பேட்டரியில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. அந்த அமைதியில்... டக். டக். எங்கோ மரத்தில் சுத்தியல் தட்டும் சத்தம். ஜெபா தலையைக்கூடத் திருப்பவில்லை.

கோடு படுத்துவிட்டது.

தரையோடு தரையாக...

மேலே பால்கனித் தாள் மட்டும் விட்டுவிட்டு மின்னியது. சொடுக்கினான். தடிமன், 100 மில்லிமீட்டர்.

அது ஜன்னலுக்கு மேல் வைக்கிற சன்ஷேடின் தடிமன். ஆறடி நீண்ட பால்கனிக்கு 175 வேண்டும். பழைய ஃபைலிலேயே இருந்த தப்பு. அவன் செய்த தப்பு.

மாற்றினான்.

சத்தம் நின்றது. கோடு இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பழைய வீடு? இரண்டு இடத்திலும் மேஸ்திரி தாவீதுதான். ஃபோன் போட்டான்.

“மேஸ்திரி, சதுரங்கப்பட்டினம் வூட்டு பால்கனிக்கு அடியில யாரும் நிக்க வேணாம்...”

“இன்னா சார், இப்ப வந்து சொல்ற? சென்ட்ரிங் பலகைய தட்டிப் பிரிக்கசொல்லவே வுழுந்துடுச்சே! நம்ம சித்தாளு, வேண்டான்னு பேரு, அடியில நின்னுகினு இருந்துச்சு. உசுரு அங்கியே பூடுச்சு. உங்க முதலாளிகிட்ட அன்னிக்கே சொன்னனே, உனக்குத் தெரியாதா?”

கோடு படுத்திருந்த இடத்தைத் திரையில் தேடினான் வரதன்.

“பாவம் சார். அத்தோட பொண்ணு சிநேகாதான் இப்ப அம்மாவுக்குப் பதிலா வேலைக்கு வருது. நாளைலேர்ந்து உன் பால்கனிலதான்.”