காசு கொடுக்காத எழுத்து

“…இல்லலா அக்கா, இது நான் வரைஞ்ச எழுத்து, எனக்குத் தெரியாதா?” என்று கடைக்குப் படியேறி வந்தவர் எங்கள் மாதிரிக் கார்டை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னதும், நான் கணினியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கடையில் அம்மா கல்யாண, கருமாதி கார்டுகள் அச்சடித்துக் கொடுத்தாள். தமிழ் அடிக்கும் மென்பொருள் கிள்ளான் சித்தி வீட்டு டிஸ்கெட்டிலிருந்து வந்தது. ‘காப்பிதானே, தேய்ஞ்சா போயிரும்?’ என்பது அப்போது எல்லார் வாயிலும் இருந்த பேச்சு. திருட்டுக் காப்பி தேடி ‘ரெய்டு’ வந்தால் கணினியை லோரியில் ஏற்றிப் போய்விடுவார்கள் என்பதும் அதே வாய்களின் பேச்சுதான். அப்பா இல்லாத எங்களுக்கு அந்தக் கணினிதான் சோறு. திரையின் மூலையில் செய்தவரின் பெயர் நிற்கும்; அந்நியர் படியேறினால் துண்டால் மூடுவது பத்து வயதான என் வேலை. பெயரை மூடலாம், எழுத்தை எப்படி மூடுவது?

“எத்தனை பேருகிட்ட இருக்கு, அதை மட்டும் சொல்லுங்கக்கா.”

அம்மா விரல் மடக்கினாள். கிள்ளானில் இரண்டு கடை, ஒரு கோயில் ஆபீஸ், ரவாங்கில் ஒரு வாத்தியார், அவர்களிடமிருந்து யார் யாரோ. விரல் தீர்ந்து, கையை மடியில் போட்டாள்.

“காசு கொடுத்து வாங்குனது பதினோரு பேரு,” என்றார் அவர்.

“விலைக்குன்னா நாங்க வாங்கியே இருக்க மாட்டோம் தம்பி. பொய் சொல்லல.”

“அப்ப உங்களால எனக்கு நட்டமே இல்லியா?”

அம்மா மேசையில் கிடந்த கார்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

“பெரிய எழுத்து, சாய்ஞ்ச எழுத்துன்னு அடுத்தது பாதி செஞ்சேன். விட்டுட்டேன்லா.”

பெரிய எழுத்து இல்லாமல் தலைப்புகளைக் கத்தரித்து ஒட்டியே விரல் காய்த்துப்போன அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்று அந்த மாடிக் கடை இல்லை. டிஸ்கெட் என்றால் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. திருட்டு மென்பொருளால் இத்தனை கோடி நட்டம் என்று படிக்கும்போதெல்லாம், செய்யாமல் விட்ட அந்தப் பாதியை எதில் சேர்த்தார்கள், வாங்கவே முடியாத எங்களை எதில் கழித்தார்கள் என்று நினைப்பேன். அன்று நினைத்ததோ லோரியை மட்டும்தான். கீழே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சன்னலுக்கு ஓடினேன்.

“போலீஸ்ல சொல்லப் போறீங்களா தம்பி?”

“அப்பா தவறிட்டாருக்கா. கார்டு அடிக்கத்தான் வந்தேன்.”

அம்மா திரைமேலிருந்த துண்டை எடுத்துவிட்டு விசைப்பலகையில் கை வைத்தாள். எழுத்துகள் தாறுமாறாக விழுந்தன. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தம் அப்பாவின் பெயரைத் தாமே அடித்தார்.